ஜூனிலேயே முடிந்துவிடும் தேர்தல்: நியூ ஜெர்சி சட்டமன்ற பிரைமரிக்கு நம் தெருவிலிருந்து வேலை செய்வது எப்படி

ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் ஜிம்முக்குள் ஓட்டுப் போடப் போனேன். நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள். முதல் மேசையில் இருந்த வயதான அம்மாள் நீல நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அரை மணி நேரமாக யாருமே வரவில்லையாம்.

அன்று நடந்தது மாநிலச் சட்டமன்றத்துக்கான பிரைமரி. அதே ஜிம்மில் நவம்பரில் வரிசை வாசல்வரை நின்றது. ஆனால் எங்கள் தொகுதியில் எப்போதும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்பது ஜூனிலேயே முடிவாகிவிட்டது. நவம்பரில் கால் கடுக்க நின்றவர்கள், ஏற்கெனவே முடிந்த ஒன்றுக்கு முத்திரை குத்தத்தான் நின்றார்கள். அன்றிலிருந்து நான் ஜூன் மாதத்துக்காகத்தான் வேலை செய்கிறேன். அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதியது இது. வேறு மாநிலத்தில் இருந்தால் கெடு தேதிகளும் விதிகளும் மாறும், வேலையின் முறை பெரிதாக மாறாது.

பிரைமரி என்பது என்ன, ஏன் அது பெரியது

தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும். விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் நடந்தாலும் கடைசிக் கையெழுத்து தலைமையுடையது. இங்கே நியூ ஜெர்சியில் அந்த முடிவைக் கட்சிக்காரர்களாகப் பதிவு செய்துகொண்ட சாதாரண வாக்காளர்களே ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அந்த உட்கட்சித் தேர்தல்தான் பிரைமரி.

நியூ ஜெர்சியில் 40 சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் மேலவைக்கு ஒரு செனட்டர், கீழவைக்கு இரண்டு அசெம்பிளி உறுப்பினர்கள், ஆக மொத்தம் 120 பேர். ஒரு தொகுதியில் சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். சட்டமன்றத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வரும். அதிபர் தேர்தலின் ஆரவாரம் எதுவும் இருக்காது. ஆளுநர் தேர்தலும் சேர்ந்து வராத ஆண்டுகளில், பதிவு செய்த பத்துப் பேரில் ஒருவர்கூட ஜூனில் வராமல் போனதுண்டு. அதனால் ஒரு சில ஆயிரம் பேர் சேர்ந்தால் ஒரு தொகுதியின் உறுப்பினரை மாற்றிவிட முடியும். 2027இல் 120 இடங்களுக்கும் தேர்தல் வருகிறது. இப்போதுள்ள சட்டப்படி அந்தப் பிரைமரி ஜூன் 8, செவ்வாய்க்கிழமை.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. பல பத்தாண்டுகளாக நியூ ஜெர்சி பிரைமரி வாக்குச்சீட்டில் 'கவுண்டி லைன்' என்ற வழக்கம் இருந்தது. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. கவுண்டி கட்சி அமைப்பு ஆதரிக்கும் எல்லா வேட்பாளர்களையும், ஆளுநரிலிருந்து ஊர் கவுன்சில்வரை, ஒரே வரிசையில் அடுக்கி அச்சடிப்பார்கள். எதிர்த்து நிற்பவரின் பெயர் சீட்டின் எங்கோ ஒரு ஓரத்தில் தனியாகக் கிடக்கும். 21 கவுண்டிகளில் 19 இப்படித்தான் செய்தன. 2020இலேயே இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் ஒரு வழக்குத் தொடுக்க, மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி சாகித் குரைஷி, அந்த ஆண்டு டெமாக்ரடிக் பிரைமரியில் லைன் கூடாது என்று தடை விதித்தார். அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. இப்போது ஒரு பதவிக்குப் போட்டியிடும் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். 2025 ஜூனில், ஹோபோக்கனும் ஜெர்சி சிட்டியின் ஒரு பகுதியும் அடங்கிய 32ஆம் தொகுதியில், கவுண்டி கட்சி அமைப்பின் ஆதரவு இல்லாமலே கேட்டி பிரென்னனும் ரவி பல்லாவும் அசெம்பிளி பிரைமரியில் வென்றார்கள். பழைய வாக்குச்சீட்டாக இருந்திருந்தால் மலையேறுவதுபோல் இருந்திருக்கும். நம்மைப் போன்றவர்கள் இறங்கி வேலை செய்ய இதைவிட நல்ல காலம் இந்த மாநிலத்தில் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

முதல் வேலை: உங்கள் நிலை என்ன என்று பாருங்கள்

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்களில் குடியுரிமை பெற்றவர், கிரீன் கார்டு, எச்1பி வேலை விசா, அவர் குடும்பத்தாருக்கான எச்4 என்று ஒரே வீட்டுக்குள்ளேயே நான்கு நிலை இருக்கும். தவறினால் வரும் விளைவு சின்னதில்லை.

ஓட்டுப் போடுவதும், வாக்காளராகப் பதிவதும், வேட்பாளரின் மனுவில் கையெழுத்திடுவதும் குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர், யாரோ கிளிப்போர்டை நீட்டினார்கள் என்று வாக்காளர் படிவத்தில் "நான் குடிமகன்" என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால், நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். ஆகவே கோயில் வாசலிலோ பொங்கல் விழாவிலோ மேசை போட்டுப் பதிவு செய்பவர்கள், படிவத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் "சிட்டிசனா?" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். ஒருவர் தயங்கினால் படிவத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

நன்கொடையைக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தரலாம். எச்1பி, எச்4, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. மாநிலத் தேர்தல், ஊர்த் தேர்தல் என்றாலும் இதே விதிதான். ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்ய அவர்களுக்குத் தடை இல்லை. கதவு தட்டலாம், போன் பேசலாம், துண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தரலாம். பிரச்சாரப் பணத்தை எங்கே செலவழிப்பது என்ற முடிவுகளில் மட்டும் அவர்கள் உட்காரக் கூடாது. எங்கள் குழுவில் மிக அதிகமாக நடந்தவர் ஓட்டே இல்லாத ஒரு எச்1பி தம்பிதான்.

பதினேழு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். நவம்பர் தேர்தலுக்குள் 18 நிரம்பும் குடிமக்கள், ஜூன் பிரைமரியில் 17 வயதிலேயே ஓட்டுப் போட நியூ ஜெர்சி வழிசெய்திருக்கிறது. 2026 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலர் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இது தெரியவே தெரியாது.

கட்சிப் பதிவு

எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளர், பிரைமரி அன்று பூத்துக்குப் போய் அங்கேயே கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிவாகி இருப்பவர் மற்றதற்கு மாற வேண்டுமானால் பிரைமரிக்கு 55 நாள் முன்னரே படிவம் கொடுக்க வேண்டும். 2027 கணக்குப்படி அது ஏப்ரல் 14. புதிதாக வாக்காளர் பதிவு செய்யக் கெடு 21 நாள் முன்னர், அதாவது மே 18.

இந்த ஏப்ரல் தேதியைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மே மாதம் பிரச்சாரம் சூடு பிடித்த பிறகு வந்து "நான் அவருக்கு ஓட்டுப் போடணும், எப்படி மாத்துறது?" என்று கேட்பவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. மார்ச் மாதமே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை மூன்று முறை போடுங்கள்.

தபால் ஓட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். கட்சி சேராதவர் என்றால் பிரைமரிக்கான தபால் வாக்குச்சீட்டு தானாக வீட்டுக்கு வராது. கட்சியைத் தெரிவித்தால்தான் அனுப்புவார்கள். நவம்பரில் வந்ததே, ஜூனிலும் வரும் என்று பலர் காத்திருந்து ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள்

கதவு திறக்கும் தமிழர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி கிரீன் கார்டு வரிசை பற்றியது. மனம் கனக்கும் கேள்விதான். ஆனால் மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் உட்காரும் சட்டமன்றத்தால் அதில் ஒன்றும் செய்ய முடியாது, அது வாஷிங்டன் காங்கிரஸின் வேலை. அதை நேராகச் சொல்லிவிடுங்கள். வாக்குறுதி கொடுத்து ஓட்டு வாங்கிவிட்டு, அடுத்த முறை அதே கதவுக்குப் போக முடியாது.

மாநிலச் சட்டமன்றம் தொடுவது வேறு. பள்ளிக்கு வரும் மாநில நிதி, அதனால் ஏறும் இறங்கும் சொத்து வரி, ரயிலும் பஸ்ஸும் ஓட்டும் நியூ ஜெர்சி டிரான்சிட்டுக்கு ஒதுக்கும் பணம், கார் இன்சூரன்ஸ் விதிகள், வாடகை. 2018இல் நிறைவேறிய எஸ்2 என்ற சட்டம், பள்ளி நிதியைப் பங்கிடுவதை ஏழு ஆண்டுகளில் படிப்படியாக மாற்றியது. சில ஊர்களுக்குக் கூடியது, சில ஊர்கள் ஆசிரியர்களைக் குறைக்கும் அளவுக்கு இழந்தன. 2024 ஜூலையில் ரயில், பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. தினமும் மெட்ரோபார்க் ஸ்டேஷனில் வண்டி ஏறுகிறவரிடம் இதைப் பேசினால் அவர் கதவை மூட மாட்டார்.

ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஜெயித்ததற்கு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. நியூயார்க் மாநில செனட்டில் 2011இல் ஜெஃப் கிளைன் தலைமையில் சில டெமாக்ரட்டுகள் தனிக் குழுவாகப் பிரிந்து ஐ.டி.சி (இன்டிபென்டென்ட் டெமாக்ரடிக் கான்ஃபரன்ஸ்) என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போகப் போக எட்டுப் பேர் ஆனார்கள். செனட்டில் குடியரசுக் கட்சியோடு அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் தொகுதி மக்களுக்கோ இது பெரும்பாலும் தெரியாது. தாங்கள் டெமாக்ரட்டுக்கு ஓட்டுப் போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016க்குப் பிறகு அந்தந்தத் தொகுதியில் இருந்த சாதாரண மக்கள் குழுக்கள் சேர்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள்: உங்கள் செனட்டர் யாரோடு உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா? நூலகக் கூடத்தில் கூட்டம், ரயில் நிலைய வாசலில் துண்டறிக்கை, செனட்டர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி. 2018 ஏப்ரலில் ஐ.டி.சி கலைக்கப்பட்டது. அப்போதும் அந்த மக்கள் குழுக்கள் விடவில்லை. செப்டம்பர் 13 பிரைமரியில் எட்டுப் பேரில் ஆறு பேர் தோற்றார்கள். பல மடங்கு பணம் செலவழித்த கிளைனையே அலெசாண்ட்ரா பியாஜி என்ற புதியவர் தோற்கடித்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் முன்கூட்டி ஓட்டுப் போடும் வசதியும், வாடகைதாரர்களைக் காக்கும் பெரிய சட்டமும் வந்தன. ஆண்டுக் கணக்கில் நகராமல் கிடந்தவை அவை.

பத்து விஷயங்களை அச்சடித்த துண்டறிக்கை பத்தடி தூரத்தில் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் பதவியில் இருப்பவர் எப்படி ஓட்டளித்தார் என்பதைச் சட்டமன்ற இணையதளத்தில் பார்த்து, மசோதா எண்ணோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டி கமிட்டி: யாரும் எட்டிப் பார்க்காத பதவி

ஊர் ஒவ்வொன்றும் தேர்தல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு கட்சிக்கும் இரண்டு கமிட்டி உறுப்பினர்கள். இவர்களும் ஜூன் பிரைமரியில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பல பாகங்களில் யாரும் போட்டியிடாமல் இடம் காலியாகவே கிடக்கும்.

இவர்களுக்கு என்ன அதிகாரம் என்று நினைக்காதீர்கள். கட்சியின் கவுண்டித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்களே. ஒரு சட்டமன்ற உறுப்பினர் ராஜினாமா செய்தாலோ இறந்தாலோ, அந்த இடத்தில் இடைக்காலமாக யார் உட்காருவது என்று முடிவு செய்வதும் அந்தக் கட்சியின் கமிட்டி உறுப்பினர்கள்தான். ஒரு சில நூறு பேர் ஒரு கூடத்தில் கூடி ஒரு செனட்டரை உருவாக்கிவிடுகிறார்கள். இன்று பதவியில் இருப்பவர்களில் பலர் முதலில் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

இந்தப் பதவிக்கு மனு போடத் தேவைப்படும் கையெழுத்துகள் மிகக் குறைவு. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் கிடைத்துவிடும். ஊர் கிளார்க் அலுவலகத்தில் படிவம் கிடைக்கும், எத்தனை கையெழுத்து என்றும் அங்கேயே சொல்வார்கள். மார்ச் கடைசி வாரத்துக்குள் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் ஜனவரியிலேயே போய்க் கேளுங்கள்.

சட்டமன்ற வேட்பாளருக்கு முன்பு 100 கையெழுத்து போதும், 2025இல் அதை 250 ஆக்கினார்கள். அதற்கு நீங்கள் கையெழுத்து வாங்கப் போனால் ஐந்நூறு வாங்குங்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொன்றாகச் சோதித்து ஆட்சேபிக்கும். அப்பார்ட்மென்ட் எண் விட்டுப் போனது, வாக்காளர் பதிவில் இருக்கும் கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகாதது, வேறு கட்சியில் பதிவானவர், பக்கத்துத் தொகுதிக்காரர் என்று ஒன்றொன்றாக அடித்துவிடுவார்கள். நம் ஆட்களிடம் இன்னொரு சிக்கல் பெயர். பதிவில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இவர் பழக்கத்தில் இனிஷியலை முன்னால் போட்டுத் தன் பெயரை எழுதிவிடுவார். வாக்காளர் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். கணவர் உள்ளே குளிக்கிறார் என்று மனைவியே அவருக்கும் சேர்த்துக் கையெழுத்திடும் வேலை மட்டும் கூடவே கூடாது. காத்திருங்கள், அல்லது நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பட்டியல்தான் முதுகெலும்பு

தமிழ்நாட்டில் பூத் கமிட்டி வேலை பார்த்தவர்களுக்குப் பாகம் வாரியான வாக்காளர் பட்டியலின் அருமை தெரியும். இங்கேயும் அதே கதைதான், கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர், முகவரியோடு எந்தக் கட்சியில் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் வந்தார் என்பதும் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது இருக்காது. கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். வேட்பாளரோடு சேர்ந்து வேலை செய்தால் அவர்களிடமே போன் செயலியில் தெருவாரியாகப் பிரித்த பட்டியல் இருக்கும்.

அதை மூன்றாகப் பிரியுங்கள். கடந்த சில பிரைமரிகளில் தவறாமல் வந்தவர்கள் முதல் கூட்டம். இவர்கள் எப்படியும் வருவார்கள், மனதை மாற்றத்தான் பேச வேண்டும். நவம்பரில் மட்டும் வருபவர்கள் இரண்டாவது கூட்டம். இவர்களில் உங்கள் விஷயத்தோடு ஒத்துப்போகிறவரை ஜூனில் கிளப்புவதுதான் உங்கள் வெற்றி. மூன்றாவது, பதிவு மட்டும் செய்துவிட்டு எதற்குமே வராதவர்கள். கட்சிக்காரர்கள் இவர்களை விட்டுவிடச் சொல்வார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் நம் சமூகத்தில் புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் கிடக்கிறார்கள். இதுவரை ஒரு ஆள்கூட அவர்கள் கதவைத் தட்டியிருக்க மாட்டார். பட்டியலில் தமிழ்ப் பெயர்களைக் கண்டுபிடிக்கும் கண் எந்தச் செயலிக்கும் கிடையாது. உங்களுக்கு உண்டு.

கதவைத் தட்டுவது

அரசியல் பேச வீடு வீடாகப் போக எந்த ஊரிலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒஹையோ மாநிலத்தின் ஸ்ட்ராட்டன் என்ற சிற்றூர் அப்படி அனுமதி கேட்டதை 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. டவுன்ஹவுஸ் குடியிருப்புகளில் சங்கம் முறைத்துப் பார்க்கும். பார்சிப்பனியில் ஒரு குடியிருப்பில் நகர மன்றத் தேர்தலுக்குப் போட்டியிட்டவர் தன் வீட்டு ஜன்னலில் வைத்த பலகையை எடுக்கச் சொன்ன வழக்கில், அவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சண்டைக்குப் போக வேண்டாம், விதி தெரிந்தால் குரல் நடுங்காது, அவ்வளவுதான்.

வார நாளில் மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும்வரை, சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல். இரண்டிரண்டு பேராகப் போங்கள். இரண்டு மணி நேரத்தில் முப்பது கதவு தட்டினால் எட்டோ பத்தோ திறக்கும். அழைப்பு மணியை அடித்துவிட்டு இரண்டு படி இறங்கி நில்லுங்கள். கேமராவில் முகம் தெரிய வேண்டும். துண்டறிக்கையைக் கதவிடுக்கில் செருகுங்கள், அஞ்சல் பெட்டிக்குள் போடாதீர்கள். தபால் தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். புதிதாக வரும் தொண்டர்கள் முதல் நாள் செய்யும் தவறு இதுதான்.

என்ன பேசுவது? ஒரு மே மாதம் இசெலின் பக்கம் நடந்தபோது கேட்டது அப்படியே மனதில் இருக்கிறது. எங்களோடு வந்த பெண், கதவு திறந்த அம்மாவிடம் இப்படித்தான் ஆரம்பித்தாள்:

"வணக்கம் ஆன்ட்டி, நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். ஸ்கூல் பஸ் நிறுத்தினது உங்க வீட்டையும் பாதிச்சுதா?"

"எங்க பேரனை நான்தான் தினமும் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்மா. முழங்கால் போச்சு."

"அந்தப் பணம் ஏன் குறைஞ்சுதுன்னு சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். அடுத்த ஐந்து நிமிடமும் அந்த அம்மாதான் பேசினார்கள், அவள் கேட்டாள். கடைசியில், "ஜூன்ல ஒரு ஓட்டு இருக்கு ஆன்ட்டி. நவம்பருக்கு முன்னாடியே. எப்படிப் போடப் போறீங்க, தபாலிலயா, நேர்லயா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். எப்போது, எப்படி என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் வருகிறார்கள். "கண்டிப்பாப் போடறேன்" என்பது மரியாதைக்குச் சொல்வது, அதை ஓட்டாக எண்ணாதீர்கள்.

ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஒன்று என்றால் உறுதியான ஆதரவு, ஐந்து என்றால் உறுதியான எதிர்ப்பு. நேர்மையாகப் போடுங்கள். டீ கொடுத்து உட்காரவைத்த காரணத்துக்காக மூன்றை ஒன்றாக்கினால், கடைசி நாளில் தவறான கதவுக்கு ஆள் போவார்.

அப்பா அம்மாக்களின் ஓட்டு

குடியுரிமை பெற்ற பெற்றோர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். ஆங்கிலம் படிக்கத் தயங்கி, ஓட்டே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். படிக்கவோ எழுதவோ முடியாத வாக்காளர் தனக்கு நம்பிக்கையான ஒருவரை வாக்குச்சாவடிக்குள் கூடவே அழைத்துப்போகலாம், வேலை கொடுத்த முதலாளியோ அவர் ஆளோ, தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. இது கூட்டாட்சிச் சட்டம் கொடுத்த உரிமை. மகளோ பேரனோ போகலாம். மேசையில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கக்கூடும், அதனால் அமைதியாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் போடுங்கள்.

நான் செய்வது ஒரு சின்ன வேலை. மாதிரி வாக்குச்சீட்டு வந்ததும், எந்தப் பதவி என்ன என்று ஒவ்வொரு வரிக்கும் தமிழில் எழுதி ஒரு தாளாக்கி அச்சடித்துக் கொடுக்கிறேன். யாருக்குப் போடுங்கள் என்று அதில் ஒன்றும் இருக்காது. எழுபது வயது மாமா ஒருவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூத்துக்கு வந்தார். பேத்தியைக் கூட்டி வந்திருந்தும் அவளை வெளியே நிறுத்திவிட்டுத் தானே உள்ளே போனார்.

தபால் ஓட்டுப் போடுபவர்களுக்கு உறையைக் காட்டி விளக்குங்கள். உள் உறையோடு ஒட்டியிருக்கும் சான்றிதழ்த் தாளில் வாக்காளர் தானே கையெழுத்திட வேண்டும், அதைக் கிழித்து எடுத்துவிடக் கூடாது. கூப்பன் என்று நினைத்துக் கிழித்தவர்கள் உண்டு. தபால் வாக்குச்சீட்டு வாங்கிவிட்டு பூத்துக்குப் போனால் இயந்திரத்தில் போட முடியாது, தற்காலிக வாக்குச்சீட்டுத்தான் கொடுப்பார்கள். இன்னொருவரின் வாக்குச்சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சட்டம் ஓர் அளவு இடம் தருகிறது, ஒருவர் மூன்று பேருக்கு மேல் கொண்டுபோக முடியாது, வீட்டு ஆட்கள் என்றால் ஐந்து. வேட்பாளர் தொடவே கூடாது. என் யோசனை, தொண்டர்கள் யாருமே தொடாதீர்கள். 2020இல் பாட்டர்சன் நகர மன்றத் தேர்தலில் தபால் ஓட்டு முறைகேடு கிளம்பி, ஒரு வார்டில் மறுதேர்தல் நடத்த நீதிமன்றம் சொன்னது. தபால் வாக்குச்சீட்டைப் போடும் டிராப் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று காட்டி, வண்டியில் கூட்டிப்போய் அவர் கையாலேயே போடச் செய்யுங்கள்.

பணமும் சங்கமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரி விலக்குப் பெற்ற தமிழ்ச் சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, 1954 முதல் இருக்கும் விதி இது. வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம், எல்லா வேட்பாளர்களையும் அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடத்தலாம். ஒருவரை மட்டும் பொங்கல் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவது வம்பு. சங்க நிர்வாகிகள் தங்கள் சொந்தப் பெயரில் வேலை செய்யட்டும், சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலைத் தொடாமல்.

"ஆளுக்கு ஐம்பது டாலர் எனக்கு Zelle ஆப்ல போடுங்க, நான் மொத்தமாக் கொடுத்துடறேன்" என்று குழுவில் யாராவது எழுதினால் உடனே நிறுத்துங்கள். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பது சட்டவிரோதம். அந்தக் குழுவில் எச்1பி ஆள் ஒருவர் போட்டிருந்தால் இன்னும் மோசம். அவரவர் வேட்பாளரின் கணக்குக்கு நேரடியாகக் கொடுக்கட்டும்.

கடைசிப் பத்து நாள்

இந்த நேரத்தில் யாரையும் மனம் மாற்ற முயலாதீர்கள். ஒன்று, இரண்டு மதிப்பெண் வாங்கிய கதவுகளுக்கு மட்டும் போங்கள். பிரைமரிக்கும் முன்கூட்டி நேரில் ஓட்டுப் போடும் நாட்கள் உண்டு, வார இறுதியும் அதில் வரும். கவுண்டியில் திறந்திருக்கும் எந்த முன்வாக்கு மையத்திலும் போடலாம். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் என்று நாலு குடும்பம் சேர்ந்து கிளம்பினால் நடந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பூத் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை. நம் ஆட்கள் பலர் நியூயார்க்குக்கு ரயிலில் போகிறவர்கள். ஆறரைக்கு வண்டி ஏறுகிறவர் மாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார், வண்டி தாமதமாகும், எட்டு மணி தாண்டிவிடும். அவர்களை முன்வாக்கு நாளிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். வாசலிலிருந்து நூறு அடிக்குள் பிரச்சாரம் கூடாது, சட்டையில் குத்திய பேட்ஜ்கூடக் கூடாது.

எங்கள் ஏற்பாடு இதுதான். ஒருவர் வீட்டுச் சமையலறை மேசை. அதில் பட்டியல், நாலு போன், ஒரு பெரிய பிளாஸ்கில் காபி. போட்டவர் பெயரை அடித்துக்கொண்டே வருவோம். நாலு மணிக்கு அடிபடாத பெயர்கள் மட்டும் புதிய தாளில். ஏழே கால் வரை போன். ஏழரைக்கு இரண்டு கார்கள் கிளம்பும். கடைசியாகக் கொண்டுபோய் இறக்கியவர்கள் எட்டு மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் போதும், அவர்களை ஓட்டுப் போட விட்டாக வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் போகாதீர்கள் என்று இறக்கும்போதே சொல்லிவிடுவோம்.

மறுநாள்

புதன்கிழமை காலை, தெருவில் நட்ட பலகைகளைப் பிடுங்கி எடுங்கள், எதிர்த்தரப்பு மறந்து விட்டுப்போனதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள். வேலை செய்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், ஓட்டில்லாத விசாக்காரர்களுக்கு முதலில். தோற்றிருந்தால் பாகம் வாரியாக எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கை கவுண்டி கிளார்க் வெளியிடும்போது வாங்கி, நீங்கள் நடந்த தெருக்களையும் நடக்காத தெருக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெயித்திருந்தால் அந்த உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போய், எந்த மசோதாவுக்காக இவ்வளவு தூரம் நடந்தீர்களோ அதன் எண்ணைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பட்டியலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நீங்கள் கிறுக்கியது, "முழங்கால் வலி, பேரன் மூன்றாம் வகுப்பு, தபால் ஓட்டு", அடுத்த ஜனவரியில் தேவைப்படும்.